நஞ்சை மனையாவதை யார் தீர்மானிக்கிறார்கள்?

டெல்டாவில் எந்தச் சாலையில் போனாலும் இந்தக் காட்சி கண்ணில் படும். சம்பா அறுவடை முடிந்த வயலில் கிராவல் கொட்டி மேடாக்கியிருப்பார்கள். பெயின்ட் அடித்த கற்கள் வரிசையாக நிற்கும். முகப்பில் ஒரு ஆர்ச், பக்கத்தில் பிளக்ஸ் பலகை, அதில் ‘டி.டி.சி.பி. அப்ரூவ்டு’ என்று கொட்டை எழுத்து. போன போகத்தில் நெல் விளைந்த இடம் இந்தக் கோடையில் சதுர அடிக் கணக்கில் விலை போகிறது. அந்த மாற்றத்துக்கு ஒப்புக்கொண்டது யார், எதைப் பார்த்து ஒப்புக்கொண்டார்கள் என்பது பக்கத்து வயல்காரருக்குக்கூடப் பெரும்பாலும் தெரிவதில்லை.

தரங்கம்பாடி வட்டத்தில் இந்தக் கேள்வி இப்போது அவசரமானது. 2020 டிசம்பரில் மயிலாடுதுறை தனி மாவட்டமானது. விழுப்புரம் – நாகப்பட்டினம் நான்குவழிச் சாலை இந்தப் பக்கமாகத்தான் வருகிறது. திருக்கடையூர் கோயிலுக்கும் டேனிஷ் கோட்டைக்கும் வரும் வெளியூர்க்காரர்கள் ஏராளம். சாலை வந்தால் மனை வரும், மனை வந்தால் வயல் போகும். அது தவறென்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. வீடு வேண்டும், கடை வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும். எந்த வயல் போகலாம், எது போகக்கூடாது என்பதை யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் சட்டம் இருக்கிறது.

அமெரிக்க ஊர்களில் இதற்கென்று நகரத் திட்டக் குழு உட்கார்ந்து விசாரிக்கும். நியூயார்க்கில் 13 பேர் கொண்ட குழு இருக்கிறது. நிலப் பயன்பாட்டை மாற்றக் கேட்டு மனு வந்தால், முதலில் அந்த வட்டாரத்தின் சமுதாய மன்றத்துக்குப் போகும். அங்கே 60 நாட்கள். பிறகு திட்டக் குழுவில் 60 நாட்கள், அங்கும் பொதுவிசாரணை. யார் வேண்டுமானாலும் மைக் முன்னால் நின்று பேசலாம். நம் ஊரில் அந்த வேலையைச் செய்வது ஒரு கோப்பு. அது மேசைக்கு மேசை நகர்கிறது, ஒவ்வொரு மேசையிலும் ஒரு துறை தன் பங்குக்கு ஒரு குறிப்பு எழுதுகிறது. எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஊர்க்காரர் முன்னிலையில் பேசும் தருணம் சாதாரண மனுக்களில் வருவதே இல்லை.

கோப்பு போகும் வழி

அடிப்படைச் சட்டம் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971. அதற்கு முன் இருந்தது 1920 ஆம் ஆண்டின் சென்னை நகரமைப்புச் சட்டம். இப்போது சென்னைப் பெருநகரப் பகுதிக்குச் சி.எம்.டி.ஏ. பொறுப்பு, மற்ற ஊர்களுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககம், நாம் பேச்சில் சொல்லும் டி.டி.சி.பி.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, உங்கள் புல எண் ‘திட்டப் பகுதி’க்குள் வருகிறதா, வெளியே நிற்கிறதா என்பதுதான். உள்ளே என்றால் அந்த ஊருக்கு ஒரு முழுமைத் திட்டம் இருக்கும், அல்லது வரவேண்டும். குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம் என்று வண்ணம் பிரித்த வரைபடம் அது. விவசாயம் என்று வண்ணமிட்ட இடத்தில் மனை போட வேண்டுமானால் திட்டத்தையே திருத்த வேண்டும். சட்டத்தின் 32 ஆவது பிரிவு அதற்கானது. நாளிதழில் அறிவிப்பு போட்டு ஆட்சேபணை கேட்பார்கள். மாற்றம் உறுதியானால் புல எண்ணோடு அரசிதழில் வரும். சென்னையில் ஆட்சேபணைக்கு 21 நாட்கள் தருகிறார்கள்.

வெளியே என்றால், 47-ஏ என்ற பிரிவு. இதை அரசு பின்னாளில் சேர்த்தது. விதிகள் 2017 மே மாதம் வந்தன. திட்டம் எதுவும் போடாத ஊரில் விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற, ஊராட்சி அல்லது பேரூராட்சியின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். அதற்கு முன் நகர் ஊரமைப்பு இயக்குநரின் இசைவு வேண்டும். நஞ்சை என்றால் மாவட்ட ஆட்சியரும் வேளாண்மை இணை இயக்குநரும் கருத்துச் சொல்ல வேண்டும். டெல்டாவின் கிராமப்புற வயலுக்கு உயிர்நிலையான பிரிவு இதுதான். அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் மிகக் குறைவு.

மனுவோடு போகும் தாள்கள் விவசாயிகள் அனைவருக்கும் பழக்கமானவைதாம்: பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று, ‘அ’ பதிவேட்டின் நகல், புலப்பட வரைபடம். வி.ஏ.ஓ.வும் வருவாய் ஆய்வாளரும் பார்த்து எழுத, வட்டாட்சியர் அறிக்கை போகும். வேளாண்மைத் துறை, அங்கே சாகுபடி நடக்கிறதா, ஆயக்கட்டு நிலமா, மாற்றினால் பக்கத்து வயலுக்குப் பாதிப்பு உண்டா என்று பார்க்கும். நீர்வளத் துறை, வெள்ளம் நிற்கும் இடமா, வாய்க்கால் குறுக்கே போகிறதா என்று பார்க்கும். கடைசியில் டி.டி.சி.பி. வரைபடத்தைச் சரிபார்த்துத் தொழில்நுட்ப அனுமதி தர, உள்ளாட்சி இறுதி உத்தரவு தரும்.

ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். மூன்று ஏக்கர் நஞ்சை; 1,30,680 சதுர அடி. சாலைக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகப் போகிறது என்று கொள்ளுங்கள். மீதமுள்ளதில் 10 விழுக்காடு, அதாவது சுமார் 9,000 சதுர அடி, பூங்காவுக்கான திறந்தவெளியாக விட வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால் பணம் கட்டித் தப்ப முடியாது, நிலமாகவே தர வேண்டும்; மூன்று ஏக்கர் அந்த அளவைத் தாண்டியது. சாலையையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சியின் பெயருக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுத்த பிறகே மனைகளை விற்கலாம். அனுமதியில்லாத மனையைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை போட்ட பிறகுதான் இந்த ஒழுங்கு ஓரளவு நிலைத்தது. அதற்கு முன் விற்றுப்போன மனைகளை வரைமுறைப்படுத்த 2017 இல் தனி விதிகள் வந்தன. அப்படி மனை வாங்கி, கரண்ட் இணைப்புக்கும் வங்கிக் கடனுக்கும் அலைந்தவர்களின் கதை எல்லா ஊரிலும் உண்டு.

வரைபடத்தில் இல்லாத வாய்க்கால்

இத்தனை மேசைகள் இருந்தும் மழைக்காலத்தில் வயல் ஏன் மூழ்குகிறது? புலப்பட வரைபடத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் விடை தெரியும்.

அது கோடுகளும் எண்களும் மட்டுமே உள்ள தாள். ஒவ்வொரு பக்கத்துக்கும் நீளம் மீட்டரில் எழுதியிருக்கும். மூலையில் கல் நின்ற இடத்துக்குக் குறி. உட்பிரிவுகள் 1ஏ, 1பி என்று போகும். அரசு வாய்க்காலுக்குத் தனிப் புல எண் உண்டு, அதனால் அது தெரியும். ஆனால் டெல்டாவில் தண்ணீர் பாய்வது அரசு வாய்க்காலில் மட்டும்தானா? அதிலிருந்து பிரியும் கன்னி வாய்க்கால் பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடும். அதற்கும் கீழே வயலுக்கு வயல் மடை திறந்து பாய்ச்சுவார்கள். மேல்வயல்காரர் வரப்பில் வெட்டிய மடைதான் கீழ்வயலுக்கு வாய்க்கால். தலைமுறை தலைமுறையாக ஊர் அறிந்த வழக்கம் அது. தாளில் ஒரு கோடும் கிடையாது. நில அளவர் காட்டுவது தாளில் உள்ளதை. எனவே கோப்பைப் பொறுத்தவரை அங்கே தண்ணீர் வழி எதுவும் இல்லை.

பாய்ச்சலைவிட வடிகால் இன்னும் பெரிய சங்கதி. தரங்கம்பாடி காவிரியின் கடைமடை. வீரசோழனும் மஞ்சளாறும் மகிமலையாறும் கடல் நோக்கி வருகிற இடம். மேட்டூர் ஜூன் 12 இல் திறந்தாலும் இங்கே தண்ணீர் வந்து சேரக் காத்திருக்க வேண்டும். ஐப்பசியிலோ மேலே உள்ள ஊர்களின் வெள்ளமெல்லாம் இந்த வழியாகத்தான் வெளியேறியாக வேண்டும். கடலோ அந்த நேரத்தில் சீற்றத்தில் இருக்கும். முகத்துவாரத்தில் தண்ணீரை உள்வாங்காது.

2022 நவம்பரில் என்ன நடந்தது என்பதை இந்தப் பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். சீர்காழியில் ஒரே நாளில் சுமார் 44 சென்டிமீட்டர் மழை. சீர்காழி, தரங்கம்பாடி வட்டங்களில் குடும்ப அட்டைக்கு ஆயிரம் ரூபாய் நிவாரணம் தரும் அளவுக்குச் சேதம். நமது எடுத்துக்காட்டின் மூன்று ஏக்கரில் அப்படியொரு மழை பெய்தால் ஏறத்தாழ 53 லட்சம் லிட்டர் தண்ணீர். வயலாக இருந்தபோது வரப்பு அதில் கணிசமானதைத் தாங்கி நின்று, மெல்ல வடித்தது. கிராவல் கொட்டி மூன்றடி உயர்த்திய பிறகு அத்தனையும் பக்கத்து வயலுக்குத்தான் போகும். மேலே இருந்து வரும் தண்ணீருக்கு அந்த மேடு குறுக்கணையாகவும் நிற்கும். மனு கொடுத்தவரின் நிலத்தில் தவறு எதுவும் இராது. அவர் தாள்கள் எல்லாம் சுத்தமாக இருக்கும். நட்டம் வருவது மனுவே கொடுக்காதவருக்கு.

நடைமுறையின் ஆகப்பெரிய ஓட்டை இதுதான் என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொரு கோப்பும் தன் புல எண்ணை மட்டும் பார்க்கிறது. ஒரே வடிகாலின் மேல் பத்து ஆண்டுகளில் ஐந்து மனைப்பிரிவு வந்தால், ஐந்தையும் சேர்த்துக் கணக்குப் போடும் மேசை எது? சாதாரண கிராமப்புறக் கோப்பில் அப்படியொரு மேசை எனக்குத் தெரிந்து இல்லை. முழுமைத் திட்டம் தீட்டினால் அந்தக் கணக்கைப் போடலாம். திட்டம் இல்லாத ஊரில் ஒவ்வொரு மனுவும் தனித்தனி.

கடல் பக்கத்தில் வேறு கணக்கு

ஊரின் கிழக்கு ஓரத்தில் இன்னொரு சட்டமும் சேர்ந்துகொள்கிறது. 1620 இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் பெற்று டேனிஷ்காரர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை இன்று மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அருகே 14 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த மாசிலாமணிநாதர் கோயில். அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. இந்தக் கரையில் நிலப் பயன்பாடு பற்றிப் பேசுகிறவர்கள் அந்தக் கோயிலைப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். வரைபடத்தில் நிலமாக இருந்த இடம் இப்போது அலையாக இருக்கிறது.

கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதலில் 1991 இல் வந்தது, பிறகு 2011, அதன் பிறகு 2019. உயர் அலைக் கோட்டிலிருந்து அளக்கிறார்கள். 2011 அறிவிக்கைப்படி கிராமப்புறக் கரையில் 200 மீட்டர் வரை கட்டுமானத் தடைப் பகுதி. 2019 அறிவிக்கை இதை இரண்டாகப் பிரித்தது: சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் பகுதியில் தடை 50 மீட்டராகக் குறைகிறது, மற்ற இடத்தில் 200 தொடர்கிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான கடலோர மண்டலக் குழு முதலில் மனுவைப் பார்க்கும். பிறகு மாநில ஆணையம். மாவட்டக் குழுவில் மீனவர் உள்ளிட்ட உள்ளூர்க் கடலோர மக்களின் பிரதிநிதிகள் மூன்று பேராவது இருக்க வேண்டும் என்று 2011 அறிவிக்கையே சொல்கிறது. வயல் பக்கக் கோப்பில் விவசாயிக்கு இப்படி ஓர் இருக்கை கிடையாது. ஏன் கிடையாது என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

சுனாமிக்குப் பிறகு இந்தக் கோட்டின் அர்த்தம் ஊருக்கு வேறு வகையில் புரிந்தது. 2005 மார்ச்சில் அரசு போட்ட ஆணைப்படி, 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் புதிய இடத்தில் வீடு பெற்றால் பழைய இடத்தை அரசுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு தரங்கம்பாடியிலும் சின்னங்குடியிலும் வீடுகள் கட்டியது. கட்டடக் கலைஞர் பென்னி குரியாகோஸ் வடிவமைத்தார். பாதுகாப்பான வீடு கிடைத்தது. கரையோரத்தில் வலை காயப் போடவும் படகு ஏற்றி வைக்கவும் இருந்த இடத்தின் மேல் உரிமை என்னவாகும் என்ற கவலையும் கூடவே வந்தது. 2023 ஆகஸ்டில் புதிய கடலோர வரைபடங்களுக்கான கருத்துக்கேட்பில் தமிழக மீனவர்கள் எழுப்பியதும் அதே கேள்விதான்: எங்கள் குடியிருப்பும் தொழில் நடக்கும் இடமும் வரைபடத்தில் எங்கே?

ஊர் எழுந்து நின்ற இரண்டு தடவை

இந்த மண்ணில் நிலப் பயன்பாட்டு வழக்கு ஒன்று இந்தியச் சட்டத்தையே திருப்பியிருக்கிறது. 1990களில் தஞ்சைக் கடலோரத்தில் நெல் வயல்கள் இறால் குட்டைகளாயின. உப்புநீர் கசிந்து பக்கத்து வயலும் குடிநீர்க் கிணறும் கெட்டன. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11 இல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு, விவசாய நிலத்தையும் உப்பளத்தையும் சதுப்பு நிலத்தையும் இறால் குட்டையாக மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தது. பிறகு மறுசீராய்வு மனுக்கள் வந்தன, 2005 இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது, தீர்ப்பின் வேகம் குறைந்தது. ஆனால் ஒருவர் தன் பட்டா நிலத்தில் செய்வது பக்கத்து நிலத்தின் தண்ணீரைக் கெடுத்தால் அது அவருடைய சொந்த விஷயம் ஆகாது என்பதை உச்ச நீதிமன்றம் சொன்னது இந்தக் கரையின் வயல்களை வைத்துத்தான்.

இரண்டாவது இன்னும் அண்மையது. 2017 ஜூலையில் கடலூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் 45 கிராமங்களை, சுமார் 57,000 ஏக்கரை, பெட்ரோலிய ரசாயன முதலீட்டு மண்டலத்துக்கான திட்டப் பகுதியாக அறிவிக்கும் அரசாணை வந்தது. தரங்கம்பாடி, சீர்காழி வட்டக் கிராமங்களும் அதில் இருந்தன. இந்த அறிவிப்பு வந்தது வேறெந்தச் சட்டத்தின் கீழும் அல்ல, நாம் இதுவரை பேசிய அதே நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ். ஊருக்குத் திட்டம் போடப் பிறந்த சட்டம், ஊரின் பெயரையே மாற்றி எழுதவும் பயன்படும் என்பதை அப்போது பலர் முதன்முதலாகப் பார்த்தார்கள். திட்டப் பகுதியை அறிவிக்கும் 10 ஆவது பிரிவிலேயே, ஊர்க்காரரும் உள்ளாட்சியும் இரண்டு மாதத்துக்குள் ஆட்சேபிக்கலாம் என்றும் இருக்கிறது. டெல்டா முழுவதும் எதிர்ப்பு கிளம்பியது. 2020 பிப்ரவரியில் அரசு அந்த ஆணையைத் திரும்பப் பெற்றது.

அதே மாதம் 20 ஆம் தேதி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியது; மாவட்டம் பிரிந்த பிறகு 2023 இல் மயிலாடுதுறையின் பெயரையும் அதில் சேர்த்தார்கள். எண்ணெய், எரிவாயு எடுப்பது, உருக்காலை, தோல் பதனிடுதல் போன்ற பட்டியலிட்ட தொழில்களை அது தடுக்கிறது. பெரிய அரண்தான். மனைப்பிரிவு அந்தப் பட்டியலில் இல்லை. ‘வேளாண் மண்டலம் ஆகிவிட்டது, இனி வயல் போகாது’ என்று நம்பியிருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஐம்பதாயிரம் ஏக்கர் ஒரே ஆணையில் போவதை ஊர் பார்க்கும், எதிர்க்கும். மூன்று மூன்று ஏக்கராகப் போவது ஒருவர் கண்ணிலும் படாது.

ஆகவே என்ன செய்யலாம்? நாளிதழின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் வரும் நிலப் பயன்பாட்டு அறிவிப்பைப் படியுங்கள். புல எண்ணையும் கிராமத்தின் பெயரையும் ‘அ’ பதிவேட்டோடு ஒப்பிட்டால் யார் வயலுக்குப் பக்கத்தில் என்பது விளங்கிவிடும். உங்கள் நிலம் திட்டப் பகுதியா, 47-ஏ வா என்று மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேளுங்கள். வாய்மொழியாகப் பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். செம்பனார்கோவில் ஒன்றியத்து ஊராட்சி என்றால் கிராம சபையில் கன்னி வாய்க்கால்களையும் வடிகால்களையும் பெயர் சொல்லித் தீர்மானமாகப் பதிவு செய்யலாம். பேரூராட்சி என்றால் வார்டு உறுப்பினரிடம் சொல்லி மன்றக் கூட்டத்தில் எழுப்ப வைக்கலாம்.

ஆட்சேபணைக் கடிதத்தில் ‘விவசாயம் அழிகிறது’ என்று பொதுவாக எழுதினால் அது கோப்பில் ஒரு தாளாகத் தங்கிவிடும். என் வயலின் புல எண் இது, தண்ணீர் இந்த மடை வழியாக வருகிறது, இந்த மூலையில் வடிகிறது, 2022 நவம்பரில் இத்தனை நாள் நின்றது என்று கையால் வரைந்த படத்தோடு எழுதினால் அதிகாரி பதில் எழுதியாக வேண்டும். நான்கு பக்கத்து வயல்காரர்களும் சேர்ந்து கையெழுத்திட்டால் இன்னும் நல்லது. கூடவே ஒரு கோரிக்கையையும் எழுதுங்கள். இடத்தைப் பார்வையிட வரும் அலுவலர் பங்குனியிலோ சித்திரையிலோ வந்தால் பார்ப்பது வெடித்த களிமண்ணை. வடிகால் அப்போது வெறும் பள்ளம். நஞ்சையை மாற்றக் கேட்கும் மனு எதுவானாலும், வடகிழக்குப் பருவமழை நாட்களில் ஒரு முறையாவது இடத்தைப் பார்த்த பிறகே நீர்வளத் துறையும் வேளாண்மைத் துறையும் அறிக்கை தர வேண்டும் என்று கேளுங்கள். கார்த்திகையில் முழங்கால் தண்ணீரில் நின்று எழுதும் அறிக்கை வேறு மாதிரி இருக்கும்.